எம். சி. மேத்தா: விபத்துக் காப்பீடும் திண்டுக்கல் கிணறுகளும்

மகேஷ் சந்திர மேத்தா, சுருக்கமாக எம். சி. மேத்தா, இந்திய உச்ச நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளை நடத்திப் புகழ்பெற்ற வழக்கறிஞர். ‘எம். சி. மேத்தா எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற ஒரே தலைப்பில் பல தீர்ப்புகள் இருப்பதால், சட்டம் படிக்கும் மாணவர்கள் அவற்றை கங்கை வழக்கு, தாஜ்மகால் வழக்கு, ஓலியம் வாயு வழக்கு என்று தனித்தனிப் பெயர் வைத்தே நினைவில் கொள்கிறார்கள். தாஜ்மகால் வழக்கைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலையால் கெட்டுப்போனவருக்கு யார் பணம் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற கேள்வியில் அவர் நடத்திய வழக்குகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இந்தியாவின் தொழில் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்துக்கு அடிப்படையான கருத்து அவ்வழக்குகளில் ஒன்றில் உருவானது. மற்றொன்று திண்டுக்கல் மாவட்டத்துக் கிணறுகளை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெறச் செய்தது.

வழக்கறிஞரான கதை

மேத்தா 1946 ஆம் ஆண்டு ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் உள்ள தாங்ரி என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். ஜம்முவில் சட்டம் படித்தார். 1983 இல் டெல்லிக்கு வந்து உச்ச நீதிமன்றத்தில் தொழில் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே தாஜ்மகாலின் பளிங்கு மஞ்சளாகி வருவது குறித்து மனுத் தாக்கல் செய்தார். 1985 இல் கங்கை நதி மாசு குறித்த மனு வந்தது. 1996 இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசும், 1997 இல் மகசேசே விருதும், 2016 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு செய்தி. இன்று எல்லா வகுப்புகளிலும் சுற்றுச்சூழல் பாடம் இருப்பதற்கும் இவருடைய மனு ஒன்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது அந்த மனுவின் பேரில்தான்.

கங்கை வழக்கிலேயே தோல் பதனிடும் ஆலைகள் வந்துவிட்டன. கான்பூரின் ஜாஜ்மௌ பகுதி ஆலைகள் கழிவுநீரை நேராக ஆற்றில் விட்டுவந்தன. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப் பணம் இல்லை என்று சிறிய ஆலைகள் கூறின. 1987 செப்டம்பர் 22 அன்று நீதிபதிகள் ஈ. எஸ். வெங்கடராமையா, கே. என். சிங் இருவரும் வழங்கிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத ஆலையை நடத்த அனுமதிக்க முடியாதது போலவே, முதல்நிலைச் சுத்திகரிப்புக்கூடச் செய்ய முடியாத தோல் ஆலையையும் அனுமதிக்க முடியாது என்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டு ஆலைகளின் வழக்கிலும் இதே வாதம் எதிர்த்தரப்பிலிருந்து எழுந்தது, இதே பதில்தான் கிடைத்தது.

ஸ்ரீராம் ஆலை வழக்கு

1984 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓராண்டு முடிந்து இரண்டே நாளில், 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லியில் ஸ்ரீராம் உணவு மற்றும் உர ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவர் அதனால் இறந்ததாகக் கூறப்பட்டது. டிசம்பர் 6 அன்று சிறிய அளவில் மீண்டும் ஒரு கசிவு ஏற்பட்டது.

கசிவு ஏற்படும் முன்பே அந்த ஆலைக்கு எதிரான மேத்தாவின் மனு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது என்பது இவ்வழக்கின் முக்கியமான செய்தி. மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் இத்தகைய ஆலை இருக்கக் கூடாது என்பது அவருடைய கோரிக்கை. கசிவுக்குப் பின் டெல்லி சட்ட உதவி வாரியமும் டெல்லி வழக்கறிஞர் சங்கமும் இழப்பீடு கேட்டு அதே வழக்கில் சேர்ந்தன.

ஆலையை உடனே மூடிவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 1986 பிப்ரவரி 17 ஆம் தேதி உத்தரவில் சில நிபந்தனைகளுடன் இயங்க அனுமதித்தது. பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டுக் கோரிக்கைக்காக 20 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் குளோரின் கசிந்து யாராவது இறந்தாலோ காயமடைந்தாலோ எடுத்துக்கொள்ளும்படி 15 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். வாகனம் ஓட்டுபவர் பிறருக்கு நேரக்கூடிய விபத்துக்காக முன்கூட்டியே காப்பீடு எடுத்து வைக்கிறாரே, ஏறக்குறைய அதே ஏற்பாடு இது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் ஆபத்து நேரும் முன்பே பணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

முக்கியத் தீர்ப்பு 1986 டிசம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்விலிருந்து வந்தது. அன்றுதான் தலைமை நீதிபதி பி. என். பகவதி ஓய்வுபெற்றார். அதுவரை இந்திய நீதிமன்றங்கள் இங்கிலாந்தின் ‘ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர்’ வழக்கில் 1868 இல் உறுதியான விதியையே பின்பற்றின. தன் நிலத்தில் ஆபத்தான பொருளைத் தேக்கிவைத்தவர், அது தப்பி வெளியேறினால் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவ்விதி. ஆனால் அதற்கு விதிவிலக்குகள் பல. இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆளின் சதி, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஏற்ற விதி இன்றைய இரசாயன ஆலைக்குப் போதாது என்று பகவதி எழுதினார். ஆபத்தான தொழிலால் யாருக்கு என்ன கேடு வந்தாலும் அந்த நிறுவனம் விலக்கு எதுவுமின்றி முழுப் பொறுப்பேற்க வேண்டும், நிறுவனம் எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்கு இழப்பீடும் கூட வேண்டும் என்பது புதிய விதி. சட்டநூல்கள் இதை ‘முழுமையான பொறுப்பு’ என்கின்றன.

இவ்வளவு பெரிய விதியை வகுத்த அமர்வு, பாதிக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு தொகை என்று தானே முடிவு செய்யவில்லை. உரிய நீதிமன்றத்தில் தனித்தனியாக வழக்குத் தொடுக்கட்டும், அதற்குச் சட்ட உதவி வாரியம் உதவட்டும் என்று விட்டுவிட்டது. விதி உயர்ந்ததாக இருக்கும், பணம் கைக்கு வரும் பாதை நீளமாக இருக்கும். இந்த இடைவெளி மேத்தாவின் பிற வழக்குகளிலும் மீண்டும் மீண்டும் தென்படுகிறது.

பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991

போபாலும் ஸ்ரீராமும் சேர்ந்து நாடாளுமன்றத்தை அசைத்தன. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான பொருளைக் கையாளும் ஒவ்வொரு நிறுவனமும் தொழிலைத் தொடங்கும் முன்பே காப்பீடு எடுக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் ஆலையின் மீது தவறு இருப்பதைப் பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும். ஆட்சியர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க முயல வேண்டும். முடிவு வந்த 30 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டும். ஆலையில் வேலை செய்யும் தொழிலாளருக்கு வேறு சட்டம் இருப்பதால், இது ஆலைக்கு வெளியே இருக்கும் பொதுமக்களுக்கானது.

தொகைகள்தாம் மிகச் சிறியவையாக இருந்தன. உயிரிழப்புக்கு 25,000 ரூபாய், மருத்துவச் செலவுக்கு 12,500 ரூபாய் வரை, வேலைக்குப் போக முடியாதவருக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்கு, சொத்துச் சேதத்துக்கு 6,000 ரூபாய் வரை. இவை உடனடி நிவாரணம் மட்டுமே, இதற்கு மேல் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறும் உரிமை அப்படியே இருக்கிறது என்று சட்டம் சொல்கிறது. இருந்தாலும் 1991 இல் எழுதிய இந்த எண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாறாமலே இருந்தன. அதற்குள் ஒரு பவுன் தங்கத்தின் விலை எங்கிருந்து எங்கே போனது என்பதை வாசகர்கள் தாங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

காப்பீட்டு நிறுவனம் தரும் தொகை போதாதபோது உதவுவதற்கென்று 1992 இல் ஒரு திருத்தம் வந்தது. ஆலை உரிமையாளர் எவ்வளவு பிரீமியம் கட்டுகிறாரோ அதே அளவு தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் கட்ட வேண்டும். அந்த நிதியை நிர்வகிக்கும் திட்டம் 2008 இல்தான் அறிவிக்கப்பட்டது. நிர்வகிக்கும் பொறுப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது. திருத்தத்துக்கும் திட்டத்துக்கும் இடையே பதினாறு ஆண்டுகள்.

காப்பீட்டை அரசே மறந்துபோன நிகழ்வும் ஒன்று உண்டு. போபால் வழக்கின் மறுஆய்வுத் தீர்ப்பு 1991 அக்டோபர் 3 அன்று வந்தது. அப்போது நோய் அறிகுறி தெரியாவிட்டாலும் வாயுவைச் சுவாசித்த சுமார் ஒரு லட்சம் பேருக்குப் பிற்காலத்தில் நோய் வரலாம் என்று கருதி, அவர்களுக்காக எட்டு ஆண்டுகளுக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச் 14 அன்று போபால் சீராய்வு மனுவைத் தள்ளுபடி செய்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தக் காப்பீடு எடுக்கப்படவே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இது ஒன்றிய அரசின் பெரும் அலட்சியம் என்று கண்டித்தது.

‘திடீர்’ என்ற சொல்

1991 ஆம் ஆண்டுச் சட்டம் ‘விபத்து’ என்ற சொல்லை எப்படி வரையறுக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. தற்செயலாக, திடீரென்று அல்லது எண்ணாமல் நேரும் நிகழ்வுதான் விபத்து. வால்வு உடைந்தால், தொட்டி வெடித்தால், லாரி கவிழ்ந்தால் இந்த வரையறை எளிதில் பொருந்தும். தினந்தோறும் தெரிந்தே வாய்க்காலில் விட்ட கழிவுநீர் இருபது ஆண்டுகளில் பக்கத்து ஊர்க் கிணற்றை உப்பாக்கினால் அதை விபத்து என்று சொல்வது கடினம். தொழிற்சாலைகள் எடுக்கும் வழக்கமான பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசிகளிலும் மாசு என்றால் திடீரென்றும் எதிர்பாராமலும் நேர்ந்ததற்குத்தான் இடம்.

இந்தச் சொல்லைப் பற்றிய சண்டை அமெரிக்காவில் ஒரு தனி வழக்கறிஞர் கூட்டத்தையே உருவாக்கியது. அங்குக் காப்பீட்டு நிறுவனங்கள் 1970 ஐ ஒட்டி, மாசுச் சேதத்துக்குப் பணம் தர மாட்டோம், அது ‘திடீரென்று தற்செயலாக’ நேர்ந்திருந்தால் மட்டும் தருவோம் என்ற வாசகத்தைப் பாலிசியில் சேர்த்தன. 1980 இல் சூப்பர்பண்ட் எனப்படும் சட்டம் வந்து, பழைய நச்சுக் குப்பைகளைச் சுத்தம் செய்யும் செலவை அவற்றைக் கொட்டிய நிறுவனங்கள் மேல் ஏற்றியது. நிறுவனங்கள் பழைய பாலிசிகளைத் தேடி எடுத்துக்கொண்டு காப்பீட்டாளர்களிடம் போயின. ‘திடீர்’ என்றால் வேகமாக நடப்பதா, எதிர்பாராமல் நடப்பதா? வேகம் என்றால் மெல்லக் கசிந்த மாசுக்குப் பணம் இல்லை. எதிர்பாராதது என்றால் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்பு மாறியது. பாதரச ஆலை ஒன்றைப் பற்றிய மார்ட்டன் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1993 இல் காப்பீட்டு நிறுவனங்களைக் கடிந்துகொண்டது. அந்த வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கும்போது இது வெறும் விளக்கம்தான் என்று அரசு அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, பின்னால் பணம் தராமல் இருக்க அதைப் பயன்படுத்துவது முறையல்ல என்றது. அதற்குள் நிறுவனங்கள் முந்திக்கொண்டன. 1980களின் நடுவிலேயே எந்த வகை மாசுக்கும் பணம் இல்லை என்ற முழு விலக்கைப் புதிய பாலிசிகளில் சேர்த்துவிட்டன.

இந்தியாவில் இச்சண்டை அப்படிப் பெரிதாக நடக்கவில்லை. மெல்ல வரும் மாசுக்கான பணத்தை மேத்தா காப்பீட்டாளரிடம் கேட்கவில்லை, மாசு செய்தவரிடமே கேட்டார். அதற்கான முக்கியக் களங்களில் ஒன்று திண்டுக்கல்.

திண்டுக்கல் கிணறுகள்

1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மாவட்டத்தில் நீர்வளம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. மேற்கு ஓரத்தில் பழனி, நெய்க்காரப்பட்டிப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கு ஆற்றுநீரையும் கிணற்று நீரையும் வைத்துக் கரும்பு விளைகிறது, வெல்லம் காய்ச்சும் ஆலைகள் நடக்கின்றன. திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள சமவெளி அவ்வளவு கொடுத்துவைத்தது அல்ல. குடகனாற்றில் ஆண்டில் சில மாதமே நீர் ஓடும். அடியில் கடினப் பாறை. பாறை இடுக்குகளில் ஊறும் நீரைக் கிணறு வெட்டி இறைத்துத்தான் குடிப்பதும் பயிர் செய்வதும். இத்தகைய பூமியில் ஒரு முறை உப்பு இறங்கிவிட்டால் அதைக் கழுவிவிட ஆறு கிடையாது.

பூட்டு, சுருட்டு இவற்றோடு தோலும் திண்டுக்கல்லின் பழைய தொழில். ‘தோல் ஷாப்’ என்று மக்கள் அழைக்கும் பதனிடும் ஆலைகள் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு தோலைப் பக்குவப்படுத்தி அனுப்பிவந்தன. 1972 இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலாகவும் பாதி பதனிட்ட தோலாகவும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலும் தோல் பொருளும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடியது. அதே வேகத்தில் குரோமியம் உப்பைப் பயன்படுத்தும் முறையும் பரவியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் உள்ள கணக்கு.

கழிவுநீர் என்றதும் குரோமியம்தான் பேசப்படும். கிணற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கும் உண்டு. அறுத்த ஆட்டின் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் ஆலைக்கு வருகிறது. அங்கு முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு வழக்கமான சுத்திகரிப்பில் போகாது. அதனால்தான் வழக்கிலும் கரைந்த திடப்பொருளின் அளவை வைத்தே ஆலை உரிமையாளர்கள் கடைசிவரை வாதாடினார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் பாலாற்று மாசு பற்றி 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. அதற்காக வாதாடியவர் மேத்தா. பாலாற்றில் தொடங்கிய வழக்கு வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என்று அக்காலப் பெயர்களில் ஐந்து மாவட்டங்களின் 900க்கும் மேற்பட்ட ஆலைகளைத் தொட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாகத் தீர்ப்பு பதிவுசெய்கிறது.

திண்டுக்கல் பற்றிய பகுதி சில வரிகள்தாம். பீஸ் மெம்பர்ஸ் என்று தீர்ப்பு குறிப்பிடும் தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் கிணறு கிணறாகக் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. இணையத்தில் உலவும் தீர்ப்பு நகல்களில் ரெட்டியார்சத்திரம் ‘பெட்டியார் சத்திரம்’ என்று பிழையாக இருக்கிறது. உள்ளூர்க்காரர் யாரும் அதைப் பார்த்துத் திருத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த 350 என்ற எண் இல்லாமல் திண்டுக்கல்லின் துன்பம் டெல்லியில் எடுபட்டிருக்காது. வழக்கறிஞர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், ஊரில் யாரோ சிலர் கிணற்றங்கரையில் நின்று எண்ணித் தந்த கணக்குதான் அவருக்குச் சான்று.

1996 ஆகஸ்டு 28 தீர்ப்பு

நீதிபதிகள் குல்தீப் சிங், பைசான் உதீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அமர்வு தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிலின் முக்கியத்துவத்தை அது மறுக்கவில்லை. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 விழுக்காடு தமிழ்நாட்டிலிருந்து போகிறது, பலருக்கு வேலை தருகிறது என்று ஒப்புக்கொண்டது. அதற்காக நிலத்தையும் நீரையும் மக்களின் உடல்நலத்தையும் அழிக்க உரிமை இல்லை என்றது. கரைந்த திடப்பொருளுக்கு வாரியம் வகுத்த அளவு அதிகக் கடுமையானது என்ற உரிமையாளர்களின் வாதம், தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் கருத்தைக் கேட்ட பின் தள்ளுபடியானது. ஐந்து மாவட்டங்களில் 30 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இடம் பார்த்திருந்தும் 7 மட்டுமே இயங்கின என்பதும் நீரி தந்த தகவல்.

‘மாசு செய்தவரே ஈடு செய்க’, ‘வருமுன் காக்க’ என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று இத்தீர்ப்பு அறிவித்தது. கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலையின் தலையில் விழுந்தது. இதற்கு ஆறு மாதம் முன்பு, 1996 பிப்ரவரியில், ராஜஸ்தானின் பிச்சிரி கிராம வழக்கில் ஸ்ரீராம் வழக்கின் முழுமையான பொறுப்பு விதியை உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்திருந்தது. சாயத்துக்கான எச்-அமிலம் தயாரித்த ஆலைகளால் அங்கும் கிணறுகள்தாம் கெட்டிருந்தன. மனுதாரர் மேத்தா தொடங்கிய இந்திய சுற்றுச்சூழல் சட்ட நடவடிக்கைக் கழகம். ஒரு சொல்லில் கூறினால், வாயு கசிவுக்காக வகுத்த விதி கிணற்றுக்கும் வந்து சேர்ந்தது. ‘திடீர்’ என்ற நிபந்தனை இங்கே இல்லை.

ஐந்து மாவட்டத்து ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதத்தை அந்தந்த ஆட்சியர் அலுவலகத்தில் 1996 அக்டோபர் 31க்குள் கட்ட வேண்டும். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு வசதி செய்யாத ஆலை மூடப்பட வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைய வேண்டும். அது இரண்டு தலைப்புகளில் கணக்கிட வேண்டும்: கெட்ட சூழலைச் சீராக்க ஆகும் செலவு, தனிமனிதருக்குத் தர வேண்டிய இழப்பீடு. எந்த ஆலை எவ்வளவு, எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். ஆட்சியர் அதை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும். பழைய மாசுக்கும் இது பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘பசுமை அமர்வு’ ஒன்றை அமைக்கும்படியும் கேட்டுக்கொண்டது. மேத்தாவின் உழைப்பைப் பாராட்டி, வழக்குச் செலவாகவும் கட்டணமாகவும் 50,000 ரூபாயைத் தமிழக அரசு அவருக்குத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஐந்தாண்டு வழக்குக்கு அது.

பணம் போன பாதை

சூழல் இழப்பு ஆணையம் 1996 செப்டம்பர் 30 அன்று அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. பாஸ்கரன் தலைவர். வேலூர் மாவட்டத்துக்கான அதன் முடிவு 2001 மார்ச் 7 அன்று வெளியானது. 547 ஆலைகள், 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தர வேண்டும். கோடி என்றதும் பெரிதாகத் தெரியும். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 9,190 ரூபாய் வருகிறது. நிலத்தையும் கிணற்றையும் இழந்த ஒருவர் அதில் புதிய ஆழ்துளைக் கிணறுகூட இறக்க முடியாது. அந்தத் தொகைக்கும் மேல்முறையீடு, வசூல் தாமதம் என்று ஆண்டுகள் ஓடின. 2009 ஆகஸ்டு 24 அன்று இரண்டாவது இழப்பீட்டு முடிவு வந்தது.

பிச்சிரி வழக்கின் கதையும் வேறல்ல. சீரமைப்புச் செலவாக 37.385 கோடி ரூபாயைக் கட்டாமல் ஆலைத் தரப்பு மனுமேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 12 விழுக்காடு கூட்டுவட்டியுடன் அதைக் கட்டச் சொன்னது.

இதோடு 2020 ஐ ஒப்பிடலாம். அவ்வாண்டு மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தனர். மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 50 கோடி ரூபாயை முன்பணமாகக் கட்ட உத்தரவிட்டது. திடீர் விபத்து என்றால் சட்டம் ஒரே நாளில் நகர முடிகிறது. மெல்லக் கெட்ட கிணற்றுக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்பாயத்தை உருவாக்கிய 2010 ஆம் ஆண்டுச் சட்டம், தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்ற விதியை ஏற்றிருக்கிறது. இருந்தும் இழப்பீட்டு மனுவை, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. கிணற்று நீர் எந்த ஆண்டில் முதலில் உவர்த்தது என்று விவசாயி எதை வைத்துச் சொல்வார்?

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடர்ந்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. 2001, 2009 இழப்பீட்டு முடிவுகளின்படி இன்னும் பணம் பெறாத குடும்பங்களுக்கு ஆறு வாரங்களுக்குள் தமிழக அரசே முதலில் தர வேண்டும், பின்னர் ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. வழக்கை முடித்துவிடாமல் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது. மேத்தா வாதாடிப் பெற்ற தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளும் ஐந்து மாதமும் கழிந்திருந்தன.